வெள்ளிக்கிழமை மருந்து

அந்த நாற்றங்காலுக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வாசலில் ஒரு தகரத் தட்டு, அதில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். செருப்புக் காலோடு அதில் இறங்கி, நின்று, நனைந்து, பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்கலாம். யாராய் இருந்தாலும் அப்படித்தான். ஒரு தடவை வனத்துறை அதிகாரி புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, "பரவாயில்லம்மா, நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். "ஓரம் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு சார்" என்று சோப்பம்மா கையைக் காட்டினாள். மனுஷர் பூட்ஸோடு தட்டில் இறங்கினார்.

சோப்பம்மா என்பது கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். அவள் முன்னால் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது, முதுகுக்குப் பின்னால் சொல்லாத ஆளும் கிடையாது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

நாற்றங்காலின் பொறுப்பு முழுக்க அவள் கையில் இருந்தது. தட்டுகளையும் பைகளையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். மணலை இரும்புத் தொட்டியில் கொதிக்கக் கொதிக்க வேகவைத்து, ஆறவைத்து, அப்புறம்தான் கலவைக்கு எடுக்க வேண்டும். பூவாளியின் மூக்கு தரையில் பட்டால் போச்சு, அன்றைக்கு அந்த ஆளுக்கு அர்ச்சனைதான். வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாப் பாத்திகளுக்கும் பூசணத்தைக் கொல்லும் மருந்து. அதை அவள் யாரையும் ஊற்றவிட மாட்டாள். கையுறை போட்டுக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மாதிரி ஒவ்வொரு செடிக்கும் அளந்து அளந்து தானே ஊற்றுவாள்.

அவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கசப்பு மரத்துக் கன்று இந்த உலகத்தில் ஒரு நாற்றங்காலில் உயிரோடு நின்றது என்றால் அது அவளுடைய நாற்றங்காலில்தான்.

கசப்பு மரத்தின் பட்டையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் விடாத காய்ச்சலும் விட்டுவிடும் என்று ஜனங்களுக்கு நம்பிக்கை. நம்பிக்கை மனுஷனுக்கு, தோல் உரிந்தது மரத்துக்கு. வந்தவன் போனவன் எல்லாம் கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறி உரித்து உரித்து, கடைசியில் மேல்சரிவில் விரல் விட்டு எண்ணக்கூடிய மரங்கள்தான் மிஞ்சின. அவையும் நினைத்த வருஷம்தான் காய்க்கும். போன பருவத்தில் காய்த்தபோது அதிகாரி விதையைப் பொறுக்கிப் பல நாற்றங்கால்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். மற்ற இடங்களில் எல்லாம் முளைத்த வேகத்தில் அழுகிச் சரிந்தன. சோப்பம்மாவிடம் மட்டும் சில நூறு கன்றுகள் தலையை நிமிர்த்தி நின்றன. அதிகாரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், கையுறையோடு சேர்த்து.

ஆனால் பாருங்கள், விதி என்று ஒன்று இருக்கிறதே! நாலு இலை விட்டதும் அந்தக் கன்றுகள் அப்படியே நின்றுவிட்டன.

சாகவும் இல்லை, வளரவும் இல்லை. மாதங்கள் ஓடின. பக்கத்துப் பாத்தியில் பின்னால் விதைத்த செடியெல்லாம் இடுப்பை எட்டியது. இவை மட்டும் வெளிறிப்போன அதே நாலு இலையோடு, வேலையில் இருந்து நிறுத்தப்பட்ட ஆட்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. சோப்பம்மா உரத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். நிழல்வலையை இரட்டையாக்கினாள், ஒற்றையாக்கினாள். தண்ணீரைக் காலையில் இருந்து மாலைக்கு மாற்றினாள். தலைகீழாய் நின்று தண்ணீர் குடித்தும் ஐந்தாவது இலை வரவில்லை.

அதிகாரி வந்து உதட்டைப் பிதுக்கினார். "மழைக்கு முன்னால ஒரு சாண் உயரமாவது வரணும்மா. இந்த உயரத்துல மலையில வச்சா ஒண்ணுகூடத் தாங்காது. இதுங்க இங்கேயே இன்னொரு வருஷம் தாங்குமான்னும் எனக்கு நம்பிக்கை இல்ல. மேல இருக்கிற மரங்க இனிமே எப்பக் காய்க்குமோ, காய்க்குமோ காய்க்காதோ." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் சோப்பம்மாவை அதிகமாகச் சுட்டது. அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கேதான் மருமகள் வருகிறாள்.

மகன் லாரி ஓட்டுகிறவன். கன்றுகளை மலைக்கு ஏற்றிப் போவது அவன் வேலை. அவன் கட்டிக்கொண்டு வந்தவள், கல்யாணத்துக்கு முன்னால் மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள். இப்போது மாமியாரின் நாற்றங்காலிலேயே கலவைக் கொட்டகையில் வேலை. அவளுக்கும் சுத்தத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்பது சோப்பம்மாவின் தீர்ப்பு. டீ குடித்த கோப்பை ஜன்னலில் இருக்கும். சீப்பு புத்தகத்துக்குள் இருக்கும். நகத்தில் மண் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. "இவளை எங்கிருந்துடா பிடிச்சே, குப்பைமேட்டுல இருந்தா?" என்று மகனிடம் கேட்பாள். "நீதானேம்மா பாத்துக் கட்டிவச்சே" என்பான் அவன். அதோடு பேச்சு முடியும்.

மருமகள் ஒருநாள் புருஷனோடு லாரியில் மலைக்குப் போய்விட்டு வந்தாள். நாற்றங்கால் வாசலில் தட்டில் காலை நனைத்துக்கொண்டிருந்தவளின் கையில் டிபன் பாக்ஸ் இருந்ததைச் சோப்பம்மா பார்த்தாள். மூடி லேசாய்த் திறந்து, ஏதோ கறுப்பாய் எட்டிப் பார்த்தது.

"அதுல என்னடி?"

"மண்ணு அத்தை."

"நான் சோறு கட்டிக் குடுத்த பாத்திரத்துல மண்ணைப் போட்டியா?"

"சோத்தைச் சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன் அத்தை." அவள் சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்புத்தான். பிறகு சிரிப்பு அடங்கி, குரல் தாழ்ந்தது. "மேல தாய் மரத்தடியில குட்டிச் செடிங்க இருக்குது அத்தை. ரெண்டு மூணுதான். ஆனா ஒவ்வொண்ணும் எவ்வளவு உயரம் தெரியுமா? மக்கிப்போன இலைக்குள்ள விரலை விட்டுப் பாத்தேன். வேரெல்லாம் வெள்ளையா நூல் சுத்தின மாதிரி பூசணம் படர்ந்திருக்கு. அது கெட்ட பூசணம் இல்ல. வேரோட ஒட்டிக்கிட்டு மண்ணுல இருக்கிற சத்தை இழுத்துக் குடுக்கிற பூசணம். நம்ம கன்னுக்கு அது இல்ல அத்தை. அதான் பசியில நிக்குது."

பூசணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சோப்பம்மாவுக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. "காட்டு மண்ணை என் கேட்டுக்குள்ள கொண்டுவந்தே, நீயும் சேர்ந்து வெளியதான் நிப்பே! மத்த நாற்றங்கால்ல எல்லாம் என்ன ஆச்சு? ஒரே வாரத்துல அழுகிக் கூழாப் போச்சு. எமனை டிபன் பாக்ஸ்ல கூட்டிட்டு வந்து நல்ல எமன், கெட்ட எமன்னு கதை சொல்றியா?"

மருமகள் டிபன் பாக்ஸை மூடி வாசலுக்கு வெளியே சுவரோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வேறொருத்தியாய் இருந்தால் ஒரு பிடி மண்ணை மடியில் முடிந்து ரகசியமாய் உள்ளே கொண்டுபோய்த் தூவியிருப்பாள். இவள் அப்படிச் செய்யவில்லை. அது சோப்பம்மாவின் மனசில் ஒரு மூலையில் பதிந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

நாற்றங்காலை ஒட்டித்தான் அவர்கள் குடியிருப்பு. ரெண்டு அறை, ஒரு சமையல்கட்டு. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவதாக ஒரு தண்ணீர்ச் சொம்புக்குத்தான் இடம். சண்டை என்றால் ஒளிய இடம் கிடையாது. மகன் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி வாங்கினான்.

"அம்மா, அவ சொல்றதுல என்ன தப்பு?"

"நீ வண்டியை ஓட்டுடா."

"ஏங்க, அத்தை சொல்றதும் சரிதாங்க. அழுகலும் அந்த மண்ணுலதான் இருக்கும்."

"அப்ப நான் யார் பக்கம்தான் பேசறது?" என்று அவன் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனான்.

மருமகள் மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள். "அத்தை, எனக்கு உள்ள இடம் வேண்டாம். வேலிக்கு வெளிய, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு பலகை போட்டுக்கறேன். நீங்க கழிச்சு வச்ச நோஞ்சான் கன்னுல கொஞ்சம் குடுங்க. செத்தா என்னோட போகட்டும்."

சோப்பம்மா ரொம்ப நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மேஜை ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது. "வெளிய போட்ட செருப்போட உள்ள வரக்கூடாது" என்றாள் கடைசியில். அவள் பாஷையில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பலகை வந்தது. பாதிக் கன்றுக்கு மலை மண் கலந்த கலவை, பாதிக்கு எப்போதும் போடுகிற வெந்த மணல். இரண்டுக்கும் அதே தண்ணீர், அதே நிழல். வீட்டில் கோப்பையைக் கழுவாதவள், அந்தப் பலகையில் ஒரு குச்சி இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்தாள். சோப்பம்மா துணி துவைக்க வருகிற சாக்கில் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்தாள். அந்த வீட்டில் அவ்வளவு அழுக்குத் துணியே கிடையாது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மருமகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அத்தை! அத்தை, சீக்கிரம் வாங்க!"

வளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று சோப்பம்மா நினைத்தாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. போய்ப் பார்த்தால், மலை மண் வைத்த கன்றுகளில் பாதி அடித்தண்டு கறுத்து மண்ணில் சாய்ந்து கிடந்தன. மருமகள் செத்த கன்றுகளை ஒவ்வொன்றாய் எடுத்து ஒரு பழைய துணியில் வரிசையாய்ப் படுக்க வைத்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி அத்தை. அழுகல் அந்த மண்ணோடதான் வந்திருக்கு. பாருங்க, வெந்த மணல்ல இருக்கிற ஒண்ணுகூடச் சாகல."

இத்தனை வருஷ வேலையில் சோப்பம்மா எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். செத்த செடியை உரக்குழியில் தள்ளி மேலே மண்ணை மூடுகிறவனைப் பார்த்திருக்கிறாள். எலி தின்றது, காற்று சாய்த்தது என்று கதை கட்டுகிறவளைப் பார்த்திருக்கிறாள். தான் தோற்றதை இப்படித் தலைதெறிக்க ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறாள். அடியாத்தி, இப்படியும் ஒரு பிறவியா என்று இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் மிச்சம் நின்ற கன்றுகள் அவள் கண்ணில் பட்டன. சாகாமல் தப்பிய அந்தக் கொஞ்சமும் ஐந்தாவது இலை விட்டிருந்தன. ஆறாவது இலை சுருட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. இலை என்றால் இலை, எண்ணெய் தடவின மாதிரி!

"இதை ஏண்டி முதல்ல சொல்லல?"

"செத்ததை முதல்ல காட்டணும்ல அத்தை" என்றாள் அவள், முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. முகமெல்லாம் மண்ணானது. சோப்பம்மா அதைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் சமையல்கட்டில் எதிரும் புதிருமாய் உட்கார்ந்தார்கள். நல்ல பூசணம் வேண்டும், கெட்டது வேண்டாம். ரெண்டும் ஒரே மண்ணில் குடியிருக்கின்றன. என்ன செய்வது?

மருமகள் ஒரு வழி சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் பார்த்ததாம். வெந்த மணலில் துளிப்போல மலை மண்ணைப் போட்டு, அதில் மக்காச்சோளம் விதைப்பது. நல்ல பூசணம் சோளத்தின் வேருக்குள்ளும் குடியேறிப் பெருகும். கசப்பு மரத்தை அழுகவைக்கிற பூசணத்துக்குச் சோளம் ஆகாது, பட்டினி கிடந்து தேய்ந்துபோகும். சோளம் வளர்ந்ததும் வேரைக் கழுவி, பொடியாய் வெட்டி, அதைக் கன்றுக்கு வைப்பது.

"முழுசா ஒழிஞ்சுடுமா?" என்று சோப்பம்மா கேட்டாள்.

"முழுசான்னு சொல்ல முடியாது அத்தை. ரொம்பக் குறையும்."

"சரி, மணலை நான் வேகவைக்கிறேன். நீ வேகவைச்சா அரைவேக்காடுதான்." அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவளாய் நிமிர்ந்தாள். "ஏண்டி, வெள்ளிக்கிழமை மருந்து?"

மருமகள் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கேக்கிறேன்ல?"

"அது எல்லாப் பூசணத்தையும் கொல்லும் அத்தை. காத்துல தூசியில நல்ல பூசணம் வந்து ஒட்டினாக்கூட, வெள்ளிக்கிழமை வந்தா செத்துடும்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றியது. யாரும் எழுந்து அணைக்கவில்லை. வாரம் தவறாமல் அளந்து அளந்து தன் கையாலேயே ஊற்றினாளே சோப்பம்மா! பிள்ளை மெலிகிறதே என்று அழுதுகொண்டே அது சாப்பிட உட்காரும் போதெல்லாம் தட்டைப் பிடுங்கியிருக்கிறாளே! மருமகள் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த மருந்து இல்லாட்டி இந்தக் கன்னுங்களே இருந்திருக்காது அத்தை. மத்த இடத்துல என்ன ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. உயிரோட வச்சிருந்தது நீங்க. இல்லாட்டி நான் எதுக்குச் சோளம் போடப்போறேன்?"

முகஸ்துதி இல்லை அது. அவளுக்கு முகஸ்துதி செய்யவும் தெரியாது. அதனால்தான் சோப்பம்மாவால் அன்றைக்குத் தூங்க முடிந்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாகவா இருந்தது? ஜன்னலில் சோளம், வாசற்படியில் சோளம், துவைக்கிற கல்லில் சோளம். மகன் லாரிச் சாவியைத் தேடினால் சோளத்தொட்டிக்குள் கையை விட வேண்டியிருந்தது. "கதிர் வருமா? வந்தா சுட்டுத் தின்னலாம்" என்றான். ரெண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி முறைத்ததில் அவன் வாய் அத்தோடு மூடியது. மாமியார் மணலை வேகவைத்தாள், மருமகள் வேரைக் கழுவி வெட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் சோப்பம்மா கையுறையைத் தேடிப்போய், மருந்து இனிமேல் கிடையாது என்று நினைவு வந்து பாதி வழியில் நின்றாள்.

துவைக்கிற கல் பக்கம் சோள வேரை வைத்துப் பார்த்த கன்றுகளில் அழுகல் வரவில்லை, இலையும் விட்டது. ஆனால் வைத்துப் பார்த்தது கொஞ்சம்தான். மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. இன்னும் பொறுத்துப் பார்க்க நேரம் இல்லை. உள்ளே இருக்கிற அத்தனை கன்றுக்கும் இப்போதே வைத்தால்தான் மழைக்குள் ஒரு சாண் வரும். வைத்து அழுகினால், அத்தனையும் போய்விடும். பிறகு விதைக்க விதை கிடையாது.

"நீங்க முடிவு பண்ணுங்க அத்தை" என்றாள் மருமகள்.

சோப்பம்மா வேர்த்துண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே போனாள். கையுறை போட்டால் வேர் எங்கே தொடுகிறது என்று விரலுக்குத் தெரியாது. வெறுங்கையால் ஒவ்வொரு கன்றின் அடியிலும் குழி பறித்து, வேர்த்துண்டை வைத்து, மண்ணை அணைத்தாள். வேலைக்காரர்கள் எல்லாம் மூக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்ன வேடிக்கை? ஆளுக்கொரு தட்டை எடுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

கொஞ்ச நாளில் வெளிறிய இலைகளில் பச்சை ஏறியது. ஒன்றிரண்டில் துளிர் எட்டிப் பார்த்தது. மருமகள் பாட்டுக்கூடப் பாடினாள், சகிக்கவில்லை, ஆனால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? ஒரு விடியற்காலையில் சோப்பம்மா பாத்திக்குள் நுழைந்ததும் அவள் கால் நின்றது. கிழக்கு மூலையில் ஒரு வரிசைக் கன்றுகள் சாய்ந்து கிடந்தன. குனிந்து பார்த்தாள். அடித்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, நூல்போல மெலிந்திருந்தது. அழுகல்தான்.

பின்னால் வந்த மருமகளும் பார்த்தாள். கொட்டகைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் மருந்து கேன் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊத்திடுங்க அத்தை. எல்லாத்துக்கும் ஊத்திடுங்க. தப்புப் பண்ணிட்டேன். இப்ப ஊத்தினா மிச்சமாவது பொழைக்கும்."

"ஊத்தினா உன் பூசணமும் சாகும்டி."

"சாகட்டும்! செடி உயிரோட இருந்தா போதும்."

"நாலு இலையோட நின்னு நின்னு ஒருநாள் காய்ஞ்சு போகுமே, அதுவா உயிரோட இருக்கிறது?"

சோப்பம்மா கேனை வாங்கினாள். வாங்கியவள் அதைத் திறக்கவில்லை, தூர வைத்தாள். கன்றுகள் சாய்ந்து கிடந்த தட்டில் இருந்து மண்ணை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். சொதசொதவென்று தண்ணீர் வடிந்தது. அடுத்த வரிசை மண்ணைப் பிழிந்தாள். உதிரியாய்ப் பொலபொலத்தது, அதில் கன்றுகள் விறைப்பாய் நின்றன. அண்ணாந்து பார்த்தாள். மேலே ஓடுகிற குழாயின் மூட்டில் இருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் மூலையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஈரம்டி. எங்கயோ ஒட்டிக்கிட்டு வந்த அழுகல், ஈரத்தைப் பாத்ததும் தலை தூக்கியிருக்கு. ஈரம் இல்லாத இடத்துல உன் கன்னு நிக்குது பார்."

"அது பரவிட்டா? அத்தை, நீங்க சொல்றது தப்பா இருந்தா? நான் சொன்னதே தப்பா இருந்தா? அந்தக் கொஞ்சத்தை வச்சுத்தான் சொன்னேன், எனக்கே உறுதியாத் தெரியாது! என்னை எதை வச்சு நம்புறீங்க?"

சோப்பம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். மண் கையாலேயே பிடித்தாள்.

"அன்னிக்கு நீ தோத்தப்ப ஓடி வந்து காட்டினே. இலை விட்டதைக்கூட அப்புறம்தான் சொன்னே. தோத்ததை மறைக்காதவ, வளருதுன்னு சொன்னா அது வளருதுதான். உன் பூசணத்தைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்? எனக்கு உன்னைத் தெரியும்." பிறகு குரலை உயர்த்தினாள். "அழுகலைப் பத்தி உனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். அந்த மூலைத் தட்டையெல்லாம் தூக்கு! எரிக்கணும். நீ அந்தப் பக்கம் வலையைச் சுருட்டு, வெயில் விழட்டும். நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது!"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சோப்பம்மா பதறவில்லை என்று சொன்னால் அது பொய். பதறிக்கொண்டேதான் செய்தாள். கறுத்த வரிசையையும், அதற்கு அடுத்து நன்றாய் நின்ற வரிசையையும் சேர்த்தே நெருப்பில் போட்டாள். நல்ல கன்றுகளைப் போடும்போது அவள் கண்ணைத் துடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். குழாய் மூட்டை மகன் ரப்பர் வைத்து இறுக்கினான். அதன்பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. மருந்து கேன் கொட்டகை வாசலிலேயே இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். மாமியாரும் மருமகளும் பாத்திக்கு நடுவில் ரெண்டு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். காலையில் டீயும் ரொட்டியும் அங்கேதான், மத்தியானச் சோறும் அங்கேதான். ஒருத்தி கண்ணை மூடினால் இன்னொருத்தி பார்த்தாள். வெயிலில் கன்றுகள் வாடித் தலை தொங்கியபோது மருமகள் பூவாளியைப் பார்த்தாள், சோப்பம்மா தலையை ஆட்டினாள். சோப்பம்மாவின் கண் கேனுக்குப் போனபோது மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதிதாய் ஒரு கன்றும் சாயவில்லை. நாளாக நாளாக மண் வெளுத்து உலர்ந்தது. தண்டுகள் இறுகிப் பழுப்பு ஏறின. சோப்பம்மா கடைசியில், "இப்ப ஊத்து, மெதுவா" என்று சொன்ன அன்றைக்கு மருமகள் பூவாளியைத் தூக்க முடியாமல் தூக்கி, அழுதுகொண்டே ஊற்றினாள். அந்தத் தண்ணீருக்காகவே காத்திருந்தது மாதிரி கன்றுகள் கிளம்பின பாருங்கள்! இலைக்கு மேல் இலை, செம்புநிறத் துளிர், ஒவ்வொரு காலையிலும் ஒரு புதுசு. நாலு இலையோடு மாதக்கணக்காய் மல்லுக்கு நின்ற செடியா இது என்று வேலைக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள்.

முதல் மழை விழுந்த வாரம் அதிகாரி வந்தார். கையால் சாண் போட்டு உயரம் பார்த்தார். தட்டுக்குத் தட்டு நடந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த தடவை காய்ச்சா எல்லா நாற்றங்காலுக்கும் இப்படித்தான் செய்யணும்மா. ஆட்களை உங்ககிட்ட அனுப்பறேன், கத்துக்கட்டும்."

"எங்கிட்ட பாதிதான் சார் இருக்கு. மீதி இவகிட்ட இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிறப்ப வரச்சொல்லுங்க."

மருமகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைச் சோப்பம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி லாரிப் பக்கம் போனாள். தட்டுகள் எல்லாம் ஏறி முடிந்திருந்தன. ரெண்டு பெண்களும் பின்னால் கன்றுகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு. மழைத்தூறல் இலைமேல் விழுந்து வழிந்தது. மகன் வண்டியைக் கிளப்பினான்.

"மெதுவாடா! குழியைப் பாத்து இறக்கு!"

"நான் இன்னிக்கு நேத்தாம்மா இந்த ரோட்டுல ஓட்டறேன்? ஏன் இப்படிப் பயப்படறே?"

"டேய், உன்னை வயித்துல சுமந்தப்பகூட நான் இவ்வளவு பயந்ததில்லடா. பேசாம ஓட்டு."

மகன் முதல் கியரிலேயே மலைப்பாதைக்குத் திரும்பினான்.